விரதம் இருந்த கல்லீரல்

ஊரார் ரத்தத்தை அளந்து நம்பர் எழுதுவதுதான் என் பிழைப்பு. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேப்பில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினேன். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, ஈரல் என்சைம் எல்லாம் என் மேசை. காலையில் கிள்ளானில் பஸ் ஏறி, நின்றுகொண்டே தூங்கி, வந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால் சாயங்காலம் வரைக்கும் கண்ணாடிக் குழாய்களோடுதான் சகவாசம். அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தானாக ஒரு திமிர் வந்துவிடும். "இனிப்பைக் கையால் தொடுவதில்லை" என்று ஒருவர் டாக்டரிடம் சத்தியம் செய்துகொண்டிருப்பார். அவர் தின்ற லட்டு என் குழாயில் இருக்கும். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்போடுதான் குடும்பமும் நடத்தினேன். என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் என் கண்ணில் மண்ணைத் தூவினார். தூவினார் என்று சொல்வதுகூடப் பாதி உண்மைதான். மீதி மண்ணை நானே அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அவருக்கு லோரி ஓட்டம். கேரி தீவுத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவார். தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கும். அவர் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். கல்யாணத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், பந்திங் பக்கம் லோரி கவிழ்ந்து தொடை முறிந்து, நாலு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தவர். அந்த நன்றிக்காக, தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த ரத்த தான முகாமுக்குப் போனார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பை கொடுத்துவிட்டு, சக்கரைத் தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருக்கிறது, இனிமேல் தானம் செய்ய வேண்டாம், டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

"ஓசியில குடுத்தாலும் வேணாங்கிறான் பாரு," என்று கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

பந்திங்கில் ஏற்றிய ரத்தத்தோடுதான் அது உள்ளே வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்தக் கிருமிக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. உயிரைக் காப்பாற்றிய கையோடு அதையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்ள?

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. என் தோள் உயரம்தான் இருப்பார். நோயாளிகள் சொல்லும் சாக்குகளையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர். மலாயில் நிதானமாக விளக்கினார். இந்தக் கிருமி சத்தம் போடாமல் ஈரலைச் சிராய்த்துக்கொண்டே இருக்கும். சிராய்த்த இடமெல்லாம் தழும்பாகும். தழும்பு வலிக்காது, கண் மஞ்சளாகாது, பசி கெடாது. ஆனால் ஈரல் முழுக்கத் தழும்பேறிக் கெட்டியாகிவிட்டால் திரும்பி வருவது கஷ்டம். எவ்வளவு தழும்பு என்று பார்க்க வேண்டுமென்றால், விலா எலும்புகளுக்கு நடுவில் நீளமான ஊசி ஒன்றை விட்டு, ஈரலிலிருந்து நூல் மாதிரி ஒரு துண்டு எடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் திறந்திருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"ஓட்டை போட்டா லீக் ஆகாதா டாக்டர்?"

"பொதுவாக ஆகாது. எப்போதாவது யாராவது ஒருவருக்கு ரத்தம் கசியும்."

"அந்த ஒருத்தன் நானா இருந்தா?"

இவர் கூட்டாளிகள் பத்துப் பேரும் தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொண்டு பத்துமலை ஏறுகிறவர்கள். இவர் மட்டும் பால்குடம். கேட்டால், முருகனுக்குப் பால்தான் இஷ்டம் என்பார். இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை, மானம் போகும் என்று. டாக்டர் பெருமூச்சு விட்டார். சரி, வருஷத்துக்கு இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், ரத்தம் சரியில்லை என்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் ஊசிக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார். பியரை அறவே விடச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் என் வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் டெஸ்ட்டில் என் மேசை நம்பர்கள் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தன. ஈரல் செல் அடிபட்டால் அதிலிருந்து இரண்டு என்சைம்கள் ரத்தத்தில் கசியும். கசிவு அதிகமானால் நம்பர் ஏறும். நான் வீட்டில் பேயாட்டம் ஆடினேன். அவரோ அடுத்த டெஸ்ட் வரைக்கும் ஊசிக்கு டாக்டரிடம் தவணை வாங்கிவிட்டார். அடுத்த டெஸ்ட் தற்செயலாகப் புரட்டாசிக் கடைசியில் விழுந்தது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அவரும் பியரைத் தொடமாட்டார். அந்தத் தடவை நம்பர்கள் பாதியாக இறங்கிவிட்டன. அவர் அந்தச் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அங்கேதான் மூளை வேலை செய்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவருடைய டெஸ்ட் எல்லாம் புரட்டாசிக் கடைசியில் ஒன்று, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒன்று. தேதி கொடுக்கிற கவுண்டரில் போய் நிற்பார். "அக்கா, அந்த வாரம் ஆலை லீவு, அப்பதான் வர முடியும்," என்று பல்லைக் காட்டுவார். அந்த அம்மாவும் தேதியை மாற்றிக் கொடுத்துவிடும். தைப்பூச விரதம் நாற்பத்தெட்டு நாள். பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, சாம்பார், ரசம், மோர். அந்த நாற்பத்தெட்டு நாளின் கடைசியில் எடுத்த ரத்தம் எப்படி இருக்கும்? சாமியார் ரத்தம் மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரி கோப்பைப் பார்த்தால் அவருடைய கல்லீரல் வருஷம் முழுவதும் சுத்த சைவம், சொட்டு பியர் தொடாதது.

என் மேசையின் மஞ்சள் சீட்டில் ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதை வாங்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுக்குப் பக்கத்தில் ஐஸ்பெட்டி மேல் காந்தத்தால் ஒட்டி வைப்பார். "பார்த்தியா, அப்பா பாஸ்," என்பார். விரதம் முடிந்த மறுநாள் ஆட்டுக்கறி வரும், கூட்டாளிகள் வருவார்கள், டின்கள் திறக்கும். டாக்டர் ஊசிப் பேச்சை எடுத்தால், "நம்பர் நல்லாத்தானே இருக்கு டாக்டர்," என்று மஞ்சள் சீட்டையே கேடயமாகப் பிடிப்பார்.

எனக்குத் தெரியாதா? மூன்று நாள் வாயைக் கட்டிவிட்டுச் சர்க்கரை டெஸ்ட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்து, "யாரை ஏமாத்துறீங்க, உங்களைத்தானே?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிற வாய் இது. வீட்டுக்கு வந்ததும் அதற்குப் பூட்டு விழுந்துவிடும். அந்த நம்பர் நல்லதாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. விரதத்தில் வந்தாலென்ன, வேறெதில் வந்தாலென்ன, என் கையால் 'நார்மல்' என்று எழுதும்போது மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. லேப்பில் ஒருவருடைய ரத்தம் வந்தால் ஒரு குழாய் என் மேசைக்கு வரும், ஒரு குழாய் ரத்த அணுக்களை எண்ணும் பக்கத்து அறைக்குப் போகும். என் சீட்டு மஞ்சள், அவர்கள் சீட்டு ரோஸ் கலர். இரண்டும் டாக்டரின் கோப்பில் போய்ச் சேரும். நான் வீட்டுக்குக் கொண்டுபோனது என்னுடைய மஞ்சளை மட்டும்தான். ரோஸ் கலர் எனக்குப் பக்கத்து வீட்டு அடுப்பு மாதிரி. ஈரல் நோய்க்கு ஈரல் என்சைம் பார்த்தால் போதாதா, சிவப்பணுவும் வெள்ளையணுவும் எதற்கு என்ற எண்ணம். இத்தனை வருஷம் அந்த இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவைத் தாண்டி நான் போனதெல்லாம் சீனி கடன் கேட்கத்தான்.

பக்கத்து அறையில் ஒரு மலாய்க்கார அம்மா, எங்களில் மூத்தவர். எல்லோரும் 'காக்' என்று கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம். ஏழாவது டெஸ்ட் எடுத்த மறுநாள், தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும், பத்து மணித் தேத்தண்ணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். காக் கறிபாப்பைப் பிட்டுக்கொண்டே மலாயில் சொன்னார்:

"உன் புருஷன் ரத்தம் வந்தாலே எனக்கு ரெட்டை வேலை. மெஷின் ஒத்துக்கொள்ளாது. நான் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டியிருக்கிறது."

"எதை?"

"பிளேட்லெட்டை. குறைவாக இருக்கிறதே. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

எனக்குத் தெரியாது. பிளேட்லெட் என்றால் ரத்தத்தை உறைய வைக்கிற பொடி அணு. வெட்டுக்காயம் பட்டால் ஓடிவந்து அடைப்பது அதுதான். நான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அவர் அறைக்குப் போனேன். பழைய பேரேடுகளை இறக்கி ஒவ்வொரு தேதியாகத் தேடினேன். முதல் டெஸ்ட்டில் நூற்று எண்பது, ஆயிரத்தில் கணக்கு; நூற்றைம்பதுக்குக் கீழே போகக் கூடாது. அடுத்தது நூற்று அறுபத்திரண்டு. பிறகு நூற்று நாற்பத்தொன்பது, நூற்று முப்பது, நூற்றுப் பன்னிரண்டு, நூற்று இரண்டு. நேற்று தொண்ணூற்றொன்று. புரட்டாசியா, தையா, சாம்பாரா, ஆட்டுக்கறியா என்று எதையும் கேட்காமல் அது பாட்டுக்குப் படி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. டாக்டர் விடாமல் ஊசிப் பேச்சை எடுத்தது இதனால்தான். ஈரல் தழும்பேறிக் கெட்டியானால் மண்ணீரல் வீங்கும், வீங்கின மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை நான் பரீட்சைக்குப் படித்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

திரும்பி வந்து என்னுடைய பேரேட்டையும் திறந்தேன். அந்த இரண்டு என்சைம்கள். ஆரம்பத்தில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தது. போகப் போக இரண்டும் இறங்கியிருந்தன, ஆனால் சிறிதாக இருந்தது இறங்கியது கொஞ்சம்தான், இப்போது அது மற்றதைத் தாண்டி நின்றது. தழும்பு கூடும்போது அப்படிப் புரளும் என்பதும் படித்ததுதான். இரண்டு வருஷமாக என் கையெழுத்திலேயே அது இருந்திருக்கிறது. ஒவ்வொன்றும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த நான், எது எதைவிடப் பெரியது என்று பார்க்கவில்லை. ஏழு வயசுப் பிள்ளைகூடப் பார்க்கும். பேரேட்டை மூடிவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மிச்சமிருந்த இருபது குழாய்களையும் முடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் மனுஷன் மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரதத்தில் இருப்பவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன். முருகன் என்னைப் பொறுத்துக்கொண்டிருப்பான், அவனுக்கும் இரண்டு பெண்டாட்டி.

"டெஸ்ட்டுக்குன்னு தேதி பார்த்துத்தானே போனீங்க?"

"பரீட்சைன்னா படிச்சிட்டுத்தானே போவாங்க? படிக்காம யாராச்சும் போவாங்களா?"

"நல்லாப் படிச்சீங்க. இப்ப ஊசிக்கு வரீங்க."

"பூசம் போகட்டும் லா."

"பூசம் போன மறுவாரம். வரலைன்னா அந்த லோரிச் சாவியை ஆத்துல வீசிருவேன்."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, இந்தத் தடவை தலையாட்டாமல், "சரி," என்று வாயால் சொன்னார்.

ஒத்துக்கொண்ட பிறகு அவர் செய்த அமர்க்களத்தைச் சொல்லி மாளாது. கூட்டாளிகளிடம் விடைபெற்றார். முடி வெட்டிக்கொண்டார். புது பனியன் வாங்கினார். "நான் திரும்பி வரலைன்னா லோரியை யாருக்கு வேணும்னாலும் குடு, உன் தம்பிக்கு மட்டும் குடுத்துடாதே, கிளட்ச்சை எரிச்சிருவான்," என்றார். அன்றைக்குக் காலையில் வார்டில் படுக்க வைத்து, ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டிய டெஸ்ட்டுக்காக நர்ஸ் மிஸ்ஸி ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இவர் கூரையைப் பார்த்தபடி கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்தார். முழுவதும் சொல்லிவிட்டு இரண்டாம் தடவை தொடங்கினார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். கையில் ரோஸ் கலர்ச் சீட்டு.

"இன்றைக்கு ஊசி வேண்டாம்," என்றார்.

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை கேட்கிற பொறுமை யாருக்கு? மனுஷன் கட்டிலைவிட்டுக் குதித்து, "தெரிமா காசே டாக்டர்," என்று மலாயில் நன்றி சொல்லி இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு, சட்டை சிலுவாரைத் தூக்கிக்கொண்டு உடுப்பு மாற்றக் கழிவறைப் பக்கம் ஓடினார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிளேட்லெட் எழுபத்தெட்டு. ரத்தம் உறைகிற நேரமும் நீண்டிருக்கிறது. குத்தினால் நிற்காமல் கசியும். குத்தவும் தேவையில்லை, ஊசி சொல்ல வேண்டியதை ரத்தமே சொல்லிவிட்டது, தழும்பு முற்றிவிட்டது என்றார். "நான் அவரிடம் சொல்கிறேன்," என்றார். "வேண்டாம் டாக்டர், அது என் வேலை," என்றேன்.

வெளியே வந்தால் சட்டையை மாற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். "என்னா டாக்டரம்மா, உங்க ஊசி என்னைப் பார்த்துப் பயந்துடுச்சு போலருக்கு," என்று என்னைச் சீண்டி, நாய் குரைக்கிற சிரிப்பு சிரித்தார். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அடம். வழியில் கார் நிறுத்த இடம் காட்டிய ஆளிடம்கூட, "ஊசி வேணாம்னுட்டாங்க பாஸ்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

இலை போட்டார்கள். ஆட்டுக்கறி வறுவல், நண்டு, பொரிச்ச மீன் எல்லாம் வரிசையாக வந்தது.

"பியர் இருக்கா அண்ணே?"

"சொல்லாதீங்க," என்றேன். கடைக்காரரும் அவரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் நகர்ந்துவிட்டார்.

"ஊசி ஏன் போடலைன்னு கேட்டீங்களா?"

"வேணாம்னு சொன்ன பொறவு என்னாத்துக்குக் கேட்கணும்?"

"போட்டா உங்களுக்கு ரத்தம் நிக்காது. அதான் போடல."

அவர் கை சோற்றில் நின்றது. எனக்கு லேப் பாஷை எதுவும் வாயில் வரவில்லை. அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்ல முடிந்தது.

"பத்து தீகா டோல்ல ரெண்டு பூத் மட்டும் தொறந்து வச்சா என்னாகும்?"

"ஷா ஆலம் வரைக்கும் ஜாம்."

"உங்க ஈரல்ல இப்ப அப்படித்தான். தழும்பு வழியை அடைச்சிருச்சு. ரத்தம் போக முடியாம பின்னால மண்ணீரல்ல தேங்குது. பிளேட்லெட்டெல்லாம் அங்கயே மாட்டிக்கிச்சு."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

"நீ நல்ல நம்பர்னு சொன்னியே."

"என் மேசை நம்பர் நல்லா இருந்துச்சு. நீங்க விரதம் இருந்தீங்க, அதனால நல்லா இருந்துச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே பேசாம இருந்தேன்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு. உங்களைவிட எனக்குத்தான் பயம்."

 அவர் தன் இலையிலிருந்த கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் இலையில் வைத்தார். ரசம் கொண்டுவரச் சொன்னார்.

"சாப்பிடு, ஆறிடும்," என்றார். "அடுத்த டெஸ்ட் எப்ப?"

"மூணு மாசத்துல. சித்திரைக் கடைசி."

"சித்திரையில நமக்கு விரதம் ஒண்ணும் கிடையாதே?"

"கிடையாது."

"அப்பவே வைக்கச் சொல்லு. மாத்த வேணாம்."

அந்த மூன்று மாதமும் பியர் கிடையாது. விரதம் என்ற பெயரும் கிடையாது. கூட்டாளிகள் கேட்டால், "என் பொண்டாட்டி குடிக்க விடமாட்டேங்கிறா," என்று பழியை என் மேல் போட்டார். போட்டுக்கொள்ளட்டும். சித்திரைக் கடைசியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பசியாறிவிட்டு, அழுக்குச் சட்டையோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு லோரி ஏறப் போய்விட்டார். நான் அன்றைக்கு என் மேசையில் உட்காரவில்லை. காக்கின் அறையில் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். காக் ஒரு தடவை எண்ணினார். நான் கேட்காமலேயே இன்னொரு தடவை எண்ணினார். சீட்டை எழுதி என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைத் தட்டினார்.

ஆலை ஆபீசுக்குப் போன் போட்டேன். கணக்கு எழுதும் கிராணி அவரைக் கூப்பிட்டு வர நேரமானது. பின்னால் குலை கொட்டுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு?" என்றார்.

"எழுபத்தொம்போது."

"ஒண்ணு கூடியிருக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முன்னாலென்றால் சொல்லியிருப்பேன்.

"ஒண்ணுக்கெல்லாம் அர்த்தம் இல்லங்க. மெஷின் தும்மினாலே மாறும்."

"குறையலைல்ல?"

"குறையல."

"நெசமாவா?"

"நெசமா. ரெண்டு தடவை எண்ணிட்டாங்க."

 லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். பிறகுதான் கேட்டது. கிராணி, ஆட்கள், லோரிகள் எல்லோருக்கும் நடுவில் நின்றுகொண்டு, அந்தப் பெரிய தொந்தி மனுஷன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.